முப்பது பக்க அறிவியல்

அரையாண்டுத் தேர்வு முடிந்தாலே பத்தாம் வகுப்பு ஆசிரியருக்குத் தேர்ச்சி சதவீதக் கவலை ஆரம்பித்துவிடும். சாக்பீஸ் பிடித்த கைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பட்டியல்

திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஜனவரியில் தலைமை ஆசிரியர் மெல்லக் கற்போர் பட்டியல் கேட்டார். அதில் பெயர் வந்தால் முழுப் புத்தகம் கிடையாது. முக்கியமான கேள்விகள் மட்டும் அடங்கிய முப்பது பக்க ஜெராக்ஸ், வராண்டாவில் தனி வரிசை. அதை உருப்போட்டால் பாஸ், நம் தேர்ச்சி சதவீதமும் தப்பிக்கும்.

ஒரே பீரியடில் மார்க் ஷீட்டைப் பார்த்துப் பன்னிரண்டு பெயர் எழுதிவிட்டேன். மனசு உறுத்தியது. இவ்வளவு பாடத்தையும் தள்ளிவிடலாமா என்று கணக்கு சாரிடம் கேட்டேன். திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து அவர் நிமிரவே இல்லை.

"பாஸானா போதும் டீச்சர், இதுங்க என்ன ராக்கெட்டா விடப்போகுது?"

கூடையோடு வந்தவர்

பிப்ரவரி கடைசியில், அந்தப் பன்னிரண்டில் ஒருத்தியான தேவியின் அம்மா வந்தார். காத்திவாக்கத்தில் மீன் விற்பவர். கூடையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து, அரையாண்டின்போது மகளுக்கு அம்மை போட்டிருந்தது, இரண்டு பரீட்சை எழுதவில்லை என்றார். எனக்குப் பகீரென்றது. ஆப்சென்ட் என்று போட்டிருந்ததைப் பூஜ்யமாகக் கூட்டியிருக்கிறேன், பாவி! காலாண்டுத் தாளைத் தேடி எடுத்தால் அறிவியலில் எழுபத்தெட்டு. இரண்டு மாசப் பாடம் அவளுக்குப் போச்சு.

"நர்ஸு படிக்கணுங்கிறா டீச்சரு. இந்த முப்பது பக்கத்த வச்சிகினு பதினொண்ணாவதுல இன்னா புரியும் அவளுக்கு?"

மதிய இடைவேளை

பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டது, திருத்த முடியாது என்று தலைமை ஆசிரியர் கைவிரித்துவிட்டார். சரி, விட்டுப்போனதை மதிய இடைவேளையில் தேவிக்கு மட்டும் நடத்திவிடுவோம் என்று ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் இரத்த ஓட்டப் பாடம் போய்க்கொண்டிருந்தபோது, வராண்டாவில் இருந்த மற்ற பதினோரு பேரும் டிபன் பாக்ஸோடு கதவருகே வந்து நின்றார்கள்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. கோபமில்லை, பயம்தான். முழுப் பாடத்தையும் திணித்தால் ஜெராக்ஸில் படித்ததையும் மறந்துவிட்டு ஃபெயிலாகித் தொலைத்தால்? தேவியைத் தப்பாகச் சேர்த்துவிட்டேன், உங்களுக்கு ஜெராக்ஸே போதும், போங்கள் என்று விரட்டினேன். எல்லோரும் நகர்ந்தார்கள். எந்தப் பரீட்சையிலும் இருபது மார்க்கைத் தாண்டாத சலீமா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"எனக்குத் தெரியலன்னுதான டீச்சர் தனியா உக்கார வச்சீங்க? தெரியாதவளுக்கு ஏன் கம்மியா சொல்லித் தர்றீங்க?"

நகர்ந்தவர்களையும் உள்ளே கூப்பிட்டேன். பரீட்சைக்கு இன்னும் பதினாறு நாள், பாக்கி ஒன்பது பாடம், உள்ளே பன்னிரண்டு பேர். இதில் மெல்லக் கற்பவர் யாரென்று கேட்டால், பதினான்கு வருஷம் சர்வீஸ் போட்ட நான்தான்.