மூன்றாம் பாகத்தின் கடைசி நான்கு பக்கங்கள்

எண்பதுகளின் நடுவில் அரூரில் தட்டச்சு படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும் கிளை நூலகத்துக்குப் போய்விடுவேன். அங்கேதான் அந்த மாயக்கதை என்னைப் பிடித்தது. மூன்று பாகம். மழையை ஒரு சங்குக்குள் அடைத்துவிட்ட மந்திரவாதி. அதை மீட்கப் புறப்பட்ட உப்பளத்துப் பெண். அவளோடு துணைக்குப் போகும் கண் தெரியாத யானை. இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் யானை புதைமணலில் கழுத்துவரை இறங்கிவிட்டது. அவள் மட்டும் கோட்டைக்குள் நுழைய, கதவு சாத்திக்கொண்டது. அதோடு சரி.

மூன்றாம் பாகம் அலமாரியில் இல்லை. வாரம் தவறாமல் கேட்டேன். கடைசியில் நூலகரே அலுத்துப்போய்ச் சொன்னார்.

“மொரப்பூர்ல ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருக்கறவர் எடுத்துட்டுப் போயிருக்காரும்மா. தண்டவாளத்துல வேலை. தவணை முடியறதுக்குள்ள வந்து புதுப்பிச்சிட்டுப் போயிடறாரு. எட்டு மாசமாச்சு.”

எட்டு மாதமா! ஒரு புத்தகத்தை எட்டு மாதம் வைத்துக்கொண்டு அப்படி என்னதான் செய்கிறார்? அடுத்த சனிக்கிழமை காலையில் மொரப்பூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவரிடம் என்ன கேட்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. முப்பது வயதிருக்கும். கையில் அந்தப் புத்தகம். விரல் ஒன்று பக்கத்துக்குள் சொருகியிருந்தது.

“அவரு லைனுக்குப் போயிருக்காருங்க. என்ன வேணும்?”

வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“முதல் ரெண்டையும் அவருதான் எனக்குப் படிச்சுக் காட்டுனாரு. அப்புறம் வேலை ஜாஸ்தியாயிடுச்சு. மீதிய நீயே படிச்சிக்கோன்னு சிரிச்சாருங்க. எனக்கு அப்ப ‘அ’ன்னாக்கூடத் தெரியாது. முதியோர் கல்வி வகுப்புக்குப் போனேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி இதுவரைக்கும் வந்துட்டேன். இன்னும் நாலே பக்கம். முடிச்சுட்டுத் தந்துடறேன், உக்காருங்க.”

“முடிச்சுட்டே தாங்கக்கா. எனக்கு முடிவு தெரியக் கூடாது, நான் வெளியில இருக்கேன்” என்று வாசல் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டேன்.

அவருக்கு மனசுக்குள் படிக்க வராது என்பது அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. குரல் வாசல் தாண்டி வந்தது. ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு, சேர்த்து, மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். சங்கு உடைந்துவிட்டது. மழை வந்துவிட்டது. காதைப் பொத்திக்கொள்ளலாம்தான், நான் பொத்தவில்லை. பிறகு ஒரு சொல்லில் குரல் நின்றது.

“அப்போது மணலுக்குள்ளிருந்து யானை... பி... ளி... பிளி...”

மரத்தடியை விட்டு நடந்து வாசற்படிக்கு வந்துவிட்டேன். அந்தச் சொல் என் நாக்கு நுனியில் நின்றது. என் வாய் திறப்பதைப் பார்த்துவிட்டு அவர் கையை நீட்டித் தடுத்தார்.

“சொல்லாதீங்க!”

மூன்று முறை தொடக்கத்துக்குப் போனார். நெற்றி வியர்த்துவிட்டது.

“பி-ளி-றி... பிளிறி... பிளிறிற்று!”

ஒரு நொடி அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துள்ளி எழுந்துவிட்டார்.

“ஆனை கத்துச்சுங்க! உசுரோட இருக்குது! மணலுக்குள்ள இருந்து வந்துடுச்சுங்க!”

என் கையைப் பிடித்து ஆட்டினார். நானும் கத்தினேன். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, “என்னடி, யாருக்கு என்ன ஆச்சு?” என்றார்.

“கதைல ஆனை பொழைச்சிருச்சுக்கா! நானே படிச்சேன்!”

மீதி இருந்த ஒன்றரைப் பக்கத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார். ‘முற்றும்’ என்ற சொல்லைக்கூட விடவில்லை.

அன்றே அந்தப் புத்தகத்தோடு பஸ் ஏறினேன். திங்கட்கிழமைக்குள் முழுவதையும் முடித்துவிட்டேன். யானை பிழைக்கும் என்று தெரிந்திருந்தும் அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அடுத்த மாதம் நூலகத்தில் அந்த அக்காவைப் பார்த்தேன். தன் பேரிலேயே உறுப்பினராகச் சேர வந்திருந்தார். நூலகர் விண்ணப்பத்தை நீட்டி, “படிக்கத் தெரியுமாம்மா?” என்று கேட்டார்.

“மூணாவது பாகமே முடிச்சாச்சுங்க” என்று சொல்லிவிட்டு அவர் பேனாவை வாங்கிக்கொண்டார்.