மகளின் பாதத்தில் ஒரு துடிப்பு

அது சுளுக்கு என்று முடிவு செய்தவன் நான்தான். ஐந்து வயது மகளின் வலது பாதத்தின் மேல்புறத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வீக்கம். பாலர் பள்ளியில் எதையோ தாண்டிக் குதித்திருப்பாள் என்று நினைத்தேன். சிங்கப்பூரில் எங்கள் வீடு இருக்கும் ஃபேரர் பார்க் பக்கத்துக் கடையில் தைலம் வாங்கி, நான்கு நாள் மாலையில் சூடாக்கி, கணுக்காலிலிருந்து விரல் நுனிவரை உருவிவிட்டேன்.

ஐந்தாம் நாள் என் கட்டைவிரலுக்கு அடியில் அது துடித்தது. கையை எடுத்தேன். வீக்கத்தின் மேல் தோல் மெல்ல எழும்பி அடங்கியது. மகளின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். அங்கும் அதே தாளம்.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தபின், அறுவை மருத்துவர் தமிழிலேயே விளக்கினார். ஊர் மதுரைப் பக்கமாம். பாதத்தின் மேலே ஓடும் தமனியின் சுவர் ஓரிடத்தில் பலவீனமாகி, பலூன்போல் உப்பியிருக்கிறது, குழந்தைகளிடம் அபூர்வம். உள்ளே இரத்தம் உறைந்து, துணுக்குகள் கீழே போய் அடைத்தால் கால்விரல்களே போய்விடலாம்.

“யாராச்சும் தேய்ச்சு விட்டீங்களா?”

“நாலு நாள் லா, டாக்டர்,” என்றாள் மனைவி, என்னைப் பார்த்தபடி. “டாக்டருக்குப் படிச்சவர் மாதிரி.”

“இனிமே அதுமேல கை வைக்காதீங்க சார்.”

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவரோ வீக்கத்துக்குச் சற்று மேலே தமனியை விரலால் அழுத்திக்கொண்டு, மகளின் கால்விரல்களையே பார்த்திருந்தார். நானும் குனிந்தேன். நகங்களின் இளஞ்சிவப்பு மாறவில்லை.

“கணுக்காலுக்குப் பின்னாடி இன்னொரு குழாய் இருக்கு. அது ரத்தம் கொடுக்குது.”

“அப்ப இந்தக் குழாயைக் கட்டி அடைச்சிட்டா போதாதா?” என்றேன்.

“கட்டலாம். ஆனா கால் இன்னும் வளரணுமே. வீக்கத்தை வெட்டிட்டு ரெண்டு முனையையும் சேர்க்கப் பார்ப்பேன். எட்டலைன்னா, அதே கால்லேர்ந்து சின்னதா ஒரு சிரை எடுத்து நடுவுல வைப்பேன்.”

“அவ்வளவு சின்னதை எப்படித் தைப்பீங்க?”

“மைக்ராஸ்கோப்ல பாத்துத்தான். நூல் தலைமுடியைவிட மெல்லிசு.”

அறுவை நடந்த அன்று காலை முழுவதும் அந்த நூலையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதை ஊசியில் யார் கோப்பார்கள் என்றுகூட யோசித்தேன். ஊசியோடு சேர்ந்தே வருமாம், பிறகுதான் தெரிந்தது. முனைகள் எட்டவில்லை. சிரை வைத்தார்கள்.

வார்டில் தாதி ஒருவர் இரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் பேனாபோன்ற கருவியை மகளின் காலில் கட்டுக்குக் கீழே வைத்துத் தேடினார். முதலில் வெறும் இரைச்சல். மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். தாதி கருவியைச் சற்று நகர்த்தினார். உஷ், உஷ் என்று காற்றடிப்பதுபோல் சத்தம் வந்தது. தைத்த குழாய் வழியாக இரத்தம் விரல்களுக்குப் போகிறது என்றார்.

“அப்பாவோடது?” என்றாள் மகள்.

தாதி சிரித்துக்கொண்டே என் செருப்பைக் கழற்றச் சொன்னார். என் பாதத்தில் கண்டுபிடிக்க அதைவிட நேரமானது. கிடைத்ததும் மகள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“என்னோடதுதான் சத்தமா இருக்கு,” என்றாள்.