கால்மாட்டில் வாசக்கதவு

இருபது அங்குலம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள், நடைப்பயிற்சி கொடுக்க வந்த பெண் முட்டி உயரத்தை அளந்து சொன்ன கணக்கு அது. கட்டில் தாழ்வாக இருந்தால் அம்மா தானாக எழுந்திருக்கவே முடியாது, யாராவது தூக்கிவிட்டுக்கொண்டே இருக்கணும் என்றாள்.

அம்மாவுக்கு வலிகூடப் பெரிசில்லை. ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் தூக்கிவிட்டு, பாத்ரூமுக்குள்ளேயும் கூட வந்து நிற்கிறார்களே, அதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது. எழுபது வயசு வரைக்கும் கேளம்பாக்கத்தில் தனியாகக் குடித்தனம் நடத்தியவள், இப்போது எங்கள் சேலையூர் வீட்டு ஹாலில் படுத்திருந்தாள். "இதுக்கு நான் ஒரேயடியாப் போய்ச் சேர்ந்திருக்கலாம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அன்றைக்கே கட்டில் தேடிக் கிளம்பினேன்.

தாம்பரத்தில் நாலு கடை ஏறி இறங்கினேன். மெத்தையோடு சேர்த்தே பதினேழு அங்குலம்தான். "இப்ப இதுதான் மேடம் மாடல்" என்றார்கள். மாடலாம் மாடல்! போங்கய்யா, நானே செய்துகொள்கிறேன் என்று வந்துவிட்டேன். சும்மா வாய்ச்சவடால் இல்லை. மறைமலைநகர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருபது வருஷமாகத் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் பொருளைத் திருப்பி அனுப்புகிற வேலை. எங்கள் வீட்டு அலமாரி, செருப்பு ஸ்டாண்டு எல்லாம் என் கைவேலைதான். கட்டில் என்ன பெரிய கம்ப சூத்திரமா?

கூடுவாஞ்சேரியில், இடித்த வீடுகளின் மரச்சாமான் விற்கிற கடை ஒன்று உண்டு. அங்கே பலகை பதித்த பழைய கதவுகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒன்று சாதாரண அறைக்கதவு. இன்னொன்றைக் கடைக்காரர் தட்டிக் காட்டினார். "இது வாசக்கதவு மா. பர்மா தேக்கு. இன்னா கனம் கீது பாரு! கீழதான் மழைல ஊறி இத்துப் போச்சு. மேல்பாதி இரும்பு." ரெண்டையும், கூடவே ரெண்டு நீளச் சட்டங்களையும், குட்டியானை வண்டியில் ஏற்றிச் சேலையூர் கொண்டுவந்தேன்.

மொட்டை மாடியில் ரெண்டு சனி, ஞாயிறு வேலை. அறைக்கதவை மூன்றரை அடிக்கு அறுத்துத் தலைமாடு. வாசக்கதவின் மேல்பாதியை ரெண்டரை அடிக்கு அறுத்துக் கால்மாடு. அம்மா எழுந்து வரும்போது பிடித்துக்கொள்ளப்போவது கால்மாட்டைத்தானே, அங்கே உசத்தி மரம் இருக்கட்டும் என்று நினைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் மரம் பளபளவென்று வந்துவிட்டது. பலகை மூலைகளில் மட்டும் மஞ்சள் கறை போகவில்லை. பழைய மரம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மெத்தை எவ்வளவு அமுங்கும் என்று தெரியணுமே. அம்மா ஐம்பத்திரண்டு கிலோ. எங்கள் வீட்டு இருபத்தஞ்சு கிலோ அரிசி மூட்டை ஒன்று, எதிர்வீட்டு அக்காவிடம் இரவல் வாங்கிய அதே மாதிரி மூட்டை ஒன்று, மேலே ரெண்டு கிலோ துவரம்பருப்பு. மெத்தையில் அடுக்கி அளந்தேன். "உங்க அம்மாவைப் பருப்போட சேர்த்து எடை போட்டுட்டே" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும், கச்சிதமாக இருபது அங்குலம் வந்தது.

அடுத்த சனிக்கிழமை, அம்மாவுக்கு ஒதுக்கிய அறைக்குள் கொண்டுபோய்ப் பூட்டினோம். திருகாணி மட்டும் போட்டால் நாளாவட்டத்தில் கிறீச்சிடும் என்று இணைப்புகளில் மரப்பசையையும் ஊற்றினேன். தெற்கே தலை. வலப்பக்கம் இறங்கினால் ஐந்தாவது எட்டில் பாத்ரூம். எல்லாம் யோசித்தாயிற்று. அம்மா வந்து பார்த்து அசந்துபோவாள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் ஞாயிறு காலை அம்மா ஹாலிலிருந்து வாக்கரை ஊன்றிக்கொண்டு வந்தாள். கட்டிலை ஒரு சுற்றுப் பார்த்தாள். கால்மாட்டில் குனிந்து, பலகை மூலையை விரலால் தடவினாள்.

"இது வாசக்கதவுதானே?"

"ஆமாம்மா. பர்மா தேக்கு!"

"மஞ்சள் குங்குமம் வெச்ச கதவுடி. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை யாரோ ஒருத்தி பொட்டு வெச்சிருக்கா. இதுல நான் காலை நீட்டிப் படுக்கணுமா?"

போய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்காரர் சமாதானம் பேச வந்தார். "அப்படியே திருப்பிப் போட்டுடலாம் அத்தை. அந்தக் கதவு தலைமாட்டுக்கு வந்துடும்."

"வடக்கே தலை வெச்சா? என்னை அனுப்பறதுக்கு அவ்வளவு அவசரமா மாப்பிள்ளை?"

திருப்பினால் அவள் வலப்பக்கம் சுவரோடு போய்விடும், அவளை வலப்பக்கமாக இறங்கத்தான் பழக்கியிருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! ரெண்டு வாரம் தூசியைத் தின்று செய்திருக்கிறேன். "வாசல்ல இருந்தப்பதான்மா அது வாசக்கதவு. இப்ப வெறும் பலகை" என்று கத்தினேன். ஆபரேஷன் ஆனவளிடம் கத்துகிறோமே என்று உறைத்தது, ஆனாலும் வாய் நிற்கவில்லை.

அம்மா அசரவில்லை. "பலகைதானே? நீ படுத்துக் காலை வெச்சுக் காட்டு. அப்புறம் நான் படுக்கறேன்."

இதென்ன பிரமாதம் என்று படுத்தேன். காலை நீட்டினேன். பலகைக்கு ஒரு அங்குலம் முன்னால் கால் நின்றுவிட்டது. நீட்டு என்கிறேன், நீளமாட்டேன் என்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் நானும்தானே பொட்டு வைக்கிறேன்! அந்த மஞ்சள் கறை என்னவென்று எனக்குத் தெரியாதா? தேய்க்கும்போதே தெரிந்திருக்கும். அளவு சரியாக வந்த ஜோரில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாகிப்போனது.

"மெத்தைய அளந்த, எடைய அளந்த" என்றாள் அம்மா. "என்னை ஒரு வார்த்தை கேட்டியாடி?"

கேட்கவில்லைதான். ரம்பத்தை எடுத்துவந்தேன். பசை கல்லாக இறுகியிருந்தது, கழற்ற வழியில்லை. நீளச் சட்டங்களை ரெண்டு முனையிலும் ஒட்ட அறுத்தோம். மெத்தைக்கு நீளத்தில் ஒன்றரை அங்குலம் தாராளமாக விட்டிருந்ததால் தப்பித்தேன். தலைமாட்டைக் கால்மாட்டுக்கும் கால்மாட்டைத் தலைமாட்டுக்கும் மாற்றி, இரும்பு ஆங்கிள் வைத்து முடுக்கினோம். அம்மா நாற்காலியில் இருந்தபடியே, "அந்தப் பக்கம் கோணுது பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நிஜமாகவே கோணியிருந்தது. சாயங்காலம் நாலு மணிக்குக் கட்டில் மறுபடியும் நின்றது.

பார்ப்பதற்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. தலைமாடு குட்டை, கால்மாடு உயரம். ஆய்வுக்கு வந்திருந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன். அம்மா தலைமாட்டுக் கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, கால்மாட்டுப் பக்கம் மெல்ல நகர்ந்தாள். நாங்கள் ரெண்டு பேரும் கையை நீட்டிக்கொண்டு ஓடினோம்.

"தள்ளி நில்லுங்க."

உயரக் கதவின் விளிம்பு அவள் கைக்கு வாகாக எட்டியது. ரெண்டரை அடிப் பலகையாக இருந்திருந்தால் குனிந்துதான் பிடித்திருக்கணும், அது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு கையால் அதைப் பிடித்து, மறுகையை மெத்தையில் ஊன்றி எழுந்தாள். நின்றாள். என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு கர்வம்!

வாக்கரைப் பிடித்துக்கொண்டு அஞ்சு எட்டு வைத்தாள். பழக்கதோஷம், நானும் பின்னாலேயே போய்விட்டேன். பாத்ரூம் வாசலில் நின்று திரும்பினாள்.

"நீ எங்கடி வர?"

நான் வெளியிலேயே நின்றேன். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.