நீர்வேலியில் அகப்பட்ட சொல்

இன்று காலை அச்சுவேலியில் பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்த அன்ரி போனில் சொல் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கத்தில் விளையாடுவது கனடாவில் இருக்கும் மகள்.

பி, ஜி, எச், டி. இந்த நான்கு எழுத்தும் வருகிற நீண்ட ஆங்கிலச் சொல்லை முதலில் போடுபவருக்கு வெற்றி. அதோடு ஆட்டமும் முடிந்துவிடும்.

அடுத்தவர் போனை எட்டிப் பார்ப்பது பிழைதான். ஆனால் இப்படி ஒன்றைக் கண்டால் என் வாய் சும்மா இராது. நீர்வேலியில் யாரோ வாழைக்குலை ஏற்ற பஸ் நின்றபோது எனக்குச் சொல் அகப்பட்டுவிட்டது. பெருமையோடு அவர் காதில் சொன்னேன்.

"ஓம் பிள்ளை, அது நான் வீட்டிலையே கண்டிட்டன்."

"பிறகேன் அன்ரி போடேல்லை?"

"போட்டால் முடிஞ்சிடுமெல்லே. சும்மா கோல் எடுத்தால், களைப்பாக் கிடக்கம்மா எண்டு வைச்சிடுவாள். இது முடியுமட்டும் இருந்து கதைப்பாள். சாப்பிட்டியோ, அங்கை குளிரோ எண்டு இடையிலை நானும் கேட்பன்."

அந்த நேரம் பார்த்து மகளின் குரல் செய்தி வந்தது.

"எனக்கும் ஒண்டும் பிடிபடுதில்லையம்மா. நீங்கள் ஆறுதலா யோசியுங்கோ. நான் முழிப்பாத்தான் இருக்கிறன்."

அன்ரியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"மகள் அங்கை என்ன செய்யிறா?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்திலை இங்கிலீஷ் படிப்பிக்கிறாள்."

அதன்பிறகு யாழ்ப்பாணம் வரும்வரை நான் வாயே திறக்கவில்லை.

சொல்லைக் கண்டுபிடித்தவர்கள் தயவுசெய்து கமெண்டில் போட்டுவிடாதீர்கள். இரண்டு பேர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.