காலண்டர் தாளில் ஒரு 'டு'

சனிக்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் வீட்டில் விபரீதம் தொடங்கியது.

மகள் ஜெனிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. கிடைத்தால், முதல் வேலை. குக்கர் விசில் கேட்டுவிடக் கூடாதென்று மனைவி ஸ்டெல்லா சமையலையே தள்ளிவைத்திருந்தாள்.

எனக்கு ஒரே கவலைதான்... ப்ரெபொசிஷன். தமிழில் 'ஐ', 'கு' எல்லாம் சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இங்கிலீஷில்? 'லிசன்' என்றால் 'டு'. 'டிபென்ட்' என்றால் 'ஆன்'. 'டிஸ்கஸ்' என்றால் ஒன்றுமே கிடையாது. யார் போட்ட சட்டமோ! ஒரு வாரமாகப் பிள்ளையை உலுக்கி எடுத்திருந்தேன்.

அதோடு விட்டேனா? "நீங்க வெளிய இருங்க டாடி" என்று அவள் சொல்லியும் கேட்காமல், காலண்டர் தாள்களின் பின்பக்கம் பெரிதாக எழுதிக்கொண்டு லேப்டாப்புக்குப் பின்னால் போய் நின்றேன்.

நன்றாகத்தான் போனது. திடீரென்று, "வீ டிஸ்கஸ்டு அபௌட்..." என்றாள். பதறிப்போய்க் கையை ஆட்டினேன். அடுத்து 'லிசன்' வந்தது. தடுமாறி நின்றாள். 'டு' தாளைத் தூக்கினேன். அவள் கண் என் பக்கம் வந்து போனது.

திரையிலிருந்த பெண்மணி பேச்சை நிறுத்தினார். கேமராவை அறை முழுக்கத் திருப்பிக் காட்டச் சொன்னார்.

லேப்டாப் திரும்பியது. லுங்கி, பனியன், நெஞ்சருகே 'டு' - நான்!

"மை ஃபாதர், மேம்." ஜெனியின் குரலில் உயிரில்லை.

"சார், ப்ளீஸ்... வெளியே இருங்களேன்" என்றார் அவர். தமிழிலேயே.

ஹாலில் வந்து விழுந்தேன்.

"காப்பி அடிக்கிறாள்னு நெனச்சிருப்பாங்க" என்றாள் ஸ்டெல்லா. "புள்ள வேலைக்கு நீங்களே உலை வச்சிட்டீங்க."

மூடிய கதவுக்குப் பின்னால் ஜெனி பேசிக்கொண்டிருந்தாள். வேகமாக, நிறுத்தாமல். தேவையில்லாத இடத்தில் 'அபௌட்', தப்பான இடத்தில் 'ஆஃப்'... ஆனாலும் அந்தப் பெண்மணி சிரிப்பது கேட்டது! எதிரில் நான் நின்றவரை மகள் எனக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். இத்தனை வருடம் வளர்த்தவனுக்கு அது அப்போதுதான் உறைத்தது.

கதவு திறந்தது. ஜெனி வந்தாள். காலண்டர் தாள்களை என் மடியில் வைத்தாள்.

"செகண்ட் ரவுண்டு திங்கட்கிழமை டாடி. காலையிலயே கிளம்பி படப்பை அத்தை வீட்டுக்குப் போயிடுங்க."