பென்சில் கோட்டுக்கு மேலே ஏறிய மை

செவ்வாய்க்கிழமை காலை பிரேசர் டவுன் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது ஸ்டெல்லாவிடமிருந்து போன் வந்தது. தன் கணவர் அற்புதராஜ் விடியற்காலையில் மாரடைப்பால் போய்விட்டதாகச் சொன்னார். நாளை மாலை சர்ச்சில் வைக்கக் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் வேண்டும் என்றார். எங்கள் கடையின் வேலையே அதுதான்.

அவருடன் பழகிய நீங்கள் அவரை நல்லவர் என்பீர்கள். நான் அவரைத் திருடர் என்று நினைத்தவள். அதை மறைத்து அஞ்சலி எழுத மனம் வரவில்லை.

தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் எங்கள் கடைக்கு வேலைக்கு வருவார். சாம்பல் மைகளைக் கலப்பது நான், அச்சிடுவது அவர். கரி மை தானாகவே பழுப்படிக்கும். டோனர் என்கிற நீல மையைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால்தான் சரியான சாம்பல் வரும். "முகத்துல படிக்கட்டு தெரியக் கூடாதுக்கா" என்பார். வெளிச்சம் நிழலுக்குள் இறங்குவது தெரியாமல் இறங்க வேண்டும் என்று அர்த்தம்.

போன வருடம் என் அலமாரியில் பாட்டில்கள் இடம் மாறத் தொடங்கின. சாவி எங்கள் இருவரிடம் மட்டுமே உண்டு. என் கலவையை வேறு கடைக்குக் கொடுக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒரு மாலை, பாட்டில் லேபிளில் மை நிற்கும் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டேன். மறுநாள் மை குறையவில்லை, கோட்டுக்கு மேலே ஏறியிருந்தது. மட்டமான மையை வேறு கலக்கிறாரா என்று இன்னும் ஆத்திரம் வந்தது.

நேரடியாகவே கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "ஆறு மாசமா உங்க கலவை நீலமா வருதுக்கா. வெறும் கரி மையை ஊத்திச் சரி பண்ணினேன். கண்ணை டாக்டர்கிட்ட காட்டுங்க."

பொய் சொல்கிறார் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அதை நிரூபிக்கத்தான் டாக்டரிடமே போனேன். இரண்டு கண்ணிலும் புரை. எல்லாம் மஞ்சளாகத் தெரிந்ததால் நீலத்தை அள்ளி ஊற்றியிருக்கிறேன். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து, நானே கலந்து நானே அச்சிட்டு மாட்டியிருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தேன். முகமே நீலம் பாரித்திருந்தது.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன். அவர் டீ வாங்கி வந்து வைப்பார். நான் மெட்ரோ வேலையைப் பற்றிப் பேசுவேன். கோடு போடுவதை மட்டும் விடவில்லை, இப்போது அவர் திருத்தட்டும் என்பதற்காக. சில காலைகளில் மை ஒரு நூல் ஏறியிருக்கும். இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அவர் படத்துக்கான சாம்பல் மையை அந்தச் செவ்வாய்க்கிழமை நானே கலந்தேன். ஜன்னலோரம் மூன்று முறை பார்த்தும் நம்பிக்கை வரவில்லை. கோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அந்தப் பாட்டிலையும், என் கண்ணை நம்பாத பழக்கத்தையும் வைத்திருக்கிறேன். அந்த மையில் நானே அச்சிட்ட படம்தான் சர்ச்சில் இருந்தது; அவர் முகத்தில் நீலம் தெரிந்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். கோடு போட்ட மறுநாள் காலை மை கோட்டிலேயே நின்றது.