யூனியனில் நின்ற அக்கா

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை. ரொறன்ரோ டவுன்ரவுனில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். குடியிருப்பவர்களுக்கு வரும் பார்சல்களை வாங்கி வைப்பதும் விருந்தினர்களை மேலே அனுப்புவதும்தான் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து விசிற்றர் விசாவில் வந்து எங்களோடு தங்கியிருந்த அக்கா, அன்று காலை தன் பள்ளித் தோழி வீட்டுக்குப் போயிருந்தார். தோழி இருப்பது நகரத்துக்கு வடக்கே, யூனியன்வில்லில். எங்கள் வீடு ஸ்காபரோவில், வோபர்னில். மாலையில் தோழி அக்காவை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு யூனியன் ஸ்டேஷனில் கொண்டுவந்து விடுவார், நான் வேலை முடிந்து அங்கே போய் அழைத்து வருவேன் என்பது ஏற்பாடு.

மதியத்துக்குப் பிறகு பனி கொட்டத் தொடங்கியது. நான் வேலை முடித்துக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது அக்காவின் அழைப்பு வந்தது.

"தம்பி, என்னை யூனியன் ஸ்டேஷனிலை இறக்கி விட்டிட்டினம். நீ வா."

வாறன் என்றேன். ஐந்து நிமிட நடைதான். பெரிய மண்டபத்துக்குள் போய்ச் சுற்றிப் பார்த்தேன். ஏதோ விளையாட்டு முடிந்திருக்க வேண்டும், ஒரே நிற மேலாடை போட்ட சனம் அலையலையாக வந்துகொண்டிருந்தது. அக்காவைக் காணவில்லை. திரும்ப அழைத்தேன்.

"அக்கா, நான் மணிக்கூட்டுக்குக் கீழை நிக்கிறன். நீங்கள் எங்கை?"

"இங்கை மணிக்கூடு ஒண்டும் இல்லையே."

"பெரிய மண்டபம் அக்கா. சனமெல்லாம் போகுது."

"இங்கை ஒரு சனமும் இல்லை தம்பி. ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள்ளை நான் மட்டும்தான் நிக்கிறன். யூனியன் எண்டுதான் போர்ட்டிலை போட்டிருக்கு."

நான் பிளாட்ஃபோர்ம் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். சனமே இல்லாத இடம் அந்த ஸ்டேஷனில் எங்கே இருக்கிறது என்று யோசித்தபடி ஓடினேன். "நான் இங்கைதான் நிக்கிறன், நீங்கள் அசையாதேங்கோ" என்று மூன்றாவது முறை சொன்னபோது அக்கா பதில் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. மறுபடி அழைத்தால் நேரே குரல்பெட்டிக்குப் போனது. குளிரில் பற்றரி செத்திருக்க வேண்டும்.

தோழிக்கு அடித்தேன், எடுக்கவில்லை. தகவல் மேசையில் இருந்த பெண்ணிடம் போய், என் சகோதரி யூனியனில் நிற்கிறார், ஆனால் இங்கே இல்லை என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு அபத்தமாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. அவள் அமைதியாகக் கேட்டாள், யூனியனா, யூனியன்வில்லா என்று.

யூனியன்வில்தான். பனியைப் பார்த்துத் தோழி ஏரிப் பயணத்தைக் கைவிட்டிருக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் ஸ்டேஷனில் அக்காவை இறக்கிவிட்டிருக்க வேண்டும். இருபது வருடமாக இந்த நகரத்தில் இருக்கும் எனக்கு அது உறைக்கவே இல்லை.

மனைவிக்குச் சொன்னேன். கார் வீட்டில் நின்றது, ஆனால் அவளுக்கு ஓட்டத் தெரியாது. எங்கள் மாடியிலேயே இருக்கும் தமிழ்நாட்டுப் பையன் ஒருவன், கம்பியூட்டர் கம்பெனியில் வேலை செய்பவன், கேட்டவுடனே தன் காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். நான் யூனியன்வில் போகும் ரயிலில் ஏறினேன். ஸ்காபரோவுக்குள் நுழையும்போது அவன் அழைத்தான்.

"அண்ணா, ஸ்டேஷன் பூரா பாத்துட்டேன். பார்க்கிங்லயும் பாத்தேன். அக்கா இங்க இல்ல."

அவசர எண்ணுக்கு அடித்தேன். எடுத்த பெண் முதலில் கேட்டது எந்த நகரம் என்று. ரொறன்ரோ என்றேன். இடம் என்றாள். யூனியன்வில் என்றேன். அது மார்க்கம், வேறு பொலிஸ், இணைக்கிறேன் என்றாள். இணைத்தவரும் அதே கேள்வியைக் கேட்டார். கடைசியாகத் தெரிந்த இடம் மார்க்கம், இப்போது எங்கே என்று தெரியவில்லை, வீடு ஸ்காபரோவில் என்றேன். அறுபத்தைந்து வயது, ஊதா நிறக் கோட்டு, தலையில் என் மகனின் குல்லாய், ஆங்கிலம் கொஞ்சம்தான். ஆளைத் தொலைத்தவர்கள் செய்தியில் சொல்லும் அடையாளங்கள் மாதிரியே இருந்தன அவை. எதிரே இருந்த ஒருவர் காதிலிருந்த இயர்ஃபோனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

யன்னலுக்கு வெளியே பனியைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. அதற்குள் அக்கா நடந்துகொண்டிருக்கிறார் என்றே எண்ணம் ஓடியது. அவருக்குப் பனியில் நடந்து பழக்கமில்லை. சப்பாத்தும் மனைவியுடையது, ஒரு அளவு பெரிது.

அடுத்த அழைப்பு மனைவியிடமிருந்து. அழுதுகொண்டே பேசியதால் முதலில் விளங்கவில்லை. அக்காவின் மகள் யாழ்ப்பாணத்திலிருந்து எடுத்திருக்கிறாள். அங்கே இன்னும் விடியவில்லை. தெரியாத கனடா நம்பரிலிருந்து தாய் அழைத்து, இரண்டு வீதிகளின் பெயர்ப்பலகைகளை எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்கிறார். கெனடி, ஸ்டீல்ஸ்.

அந்தச் சந்திக்குக் கிட்டவே மில்லிகன் ஸ்டேஷன் இருக்கிறது, ரயில் இன்னும் அதைத் தாண்டவில்லை. இறங்கி ஓடினேன். பையனுக்கும் பொலிஸுக்கும் ஓடிக்கொண்டே சொன்னேன்.

சந்தியில் ஒரு சீனப் பேக்கரி. யன்னலோர மேசையில் அக்கா நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் தேநீர், குடிக்கப்படாமல் ஆறியிருந்தது. கடைக்காரப் பெண் தன் போனை அவர் கையிலேயே விட்டிருந்தாள். நான் உள்ளே நுழைந்ததும் அக்கா எழும்பவில்லை. என் முகத்தையே சில கணங்கள் பார்த்தார். பிறகுதான் கையைப் பிடித்தார்.

நடந்ததை மெல்லச் சொன்னார். போன் நின்ற பிறகு கொஞ்ச நேரம் காத்திருந்தாராம். அங்கே வந்த பஸ் ஒன்றின் நெற்றியில் கெனடி என்று இருந்தது. கெனடி ஸ்டேஷனில்தான் எங்கள் வீட்டுப் பஸ் எடுப்பது என்று என் மனைவி சொல்லிக்கொடுத்தது நினைவு வந்தது. சாரதியிடம் கெனடியா என்று கேட்டார், அவர் தலையாட்டினார். அது கெனடி வீதியில் ஓடும் மார்க்கம் பஸ். இந்தச் சந்தியோடு தன் எல்லை முடிந்தது என்று இறக்கிவிட்டுப் போய்விட்டது. மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் மகளுடையது.

"பயந்திட்டீங்களோ?" என்று கேட்டேன்.

"துலைஞ்சு போனதுக்குப் பயப்பிடேல்லை," என்றார். "நீ இங்கைதான் நிக்கிறன் எண்டாய். நானும் அங்கைதான் நிக்கிறன். ஆனா நீ இல்லை. அப்ப எனக்கும் அம்மான்ரை வருத்தம் தொடங்கீட்டுது எண்டு நினைச்சன்."

எங்கள் அம்மா கடைசிக் காலத்தில் மறதி நோயால் சொந்த வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு, என்னை வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ என்று கேட்பாராம். பார்த்தது முழுக்க அக்காதான். எனக்கு அது போனில் கேட்ட கதை மட்டும். அந்தக் கண்ணாடிக் கூட்டுக்குள் அக்கா எதை நினைத்துக்கொண்டு நின்றிருப்பார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பேர் இரண்டு அக்கா, இடமும் இரண்டு, உங்களிலை பிழையில்லை என்றேன். மேசையில் விரலால் கோடு போட்டுக் காட்டினேன். கீழே யூனியன், மேலே யூனியன்வில், நடுவில் இந்த ஸ்டீல்ஸ் வீதி. இந்தக் கடை இருக்கும் பக்கம் மார்க்கம், வீதியைக் கடந்தால் ரொறன்ரோ. அக்கா அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு கடைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு, அவளிடமும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அவள் சிரித்தபடி வீதியின் இரு பக்கத்தையும் கையால் காட்டினாள். அக்கா சிரிக்கவில்லை.

பையன் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போனான். இரவு தோழி அழைத்து மன்னிப்புக் கேட்டார். வயோதிபர் இல்லத்தில் வேலைக்கு அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்களாம், அக்காவை ஸ்டேஷனில் விடும் பொறுப்பைத் தன் மகளிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். "யூனியன்வில் எண்டு பிள்ளை தெளிவாத்தான் சொன்னவள்," என்று அக்காவே அவருக்குச் சமாதானம் சொன்னார். "நான்தான் பாதியை விட்டிட்டன்."

அதற்குப் பிறகு அக்கா இங்கே இருந்தது இரண்டு மாதம். தனியாக எங்கும் போகவில்லை. மனைவி வற்புறுத்தி டொக்ரரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நினைவுச் சோதனையில் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னார், ஒன்றைத் தவிர. இப்போது எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு நெடுநேரம் யோசித்து, நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டாராம். டொக்ரர் அதையும் சரியென்றே எடுத்துக்கொண்டார்.

அவரை ஊருக்கு வழியனுப்ப நான் கார் ஓட்டிப் போனேன். நெடுஞ்சாலையில் மிசிசாகா என்ற பெயர்ப்பலகை வந்ததும் அக்காவின் கை என் தோளைப் பிடித்தது.

"தம்பி, நாங்கள் ரொறன்ரோ எயார்போர்ட்டுக்குத்தானே போறம்?"

ஓம் அக்கா, அது மிசிசாகாவில்தான் இருக்கிறது என்றேன். அவர் கையை எடுக்கவில்லை. எத்தனையோ தரம் போய்வந்த பாதைதான், இருந்தும் அடுத்த பலகையில் எயார்போர்ட் என்று வாசிக்கும்வரை எனக்கும் நிச்சயமில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் சரியாகத் தூங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வீட்டு வாசலில் வந்து இறங்கிவிட்டேன் என்று அவர் சொன்ன பிறகுதான் போனைக் கீழே வைத்தேன்.